அறுவை முடிந்தது, ஓட்டம் எப்போது?

ஏர்பேட்டிலிருந்து திருப்பதிக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பேருந்துப் பயணம். அந்தத் திருப்பதியில் 2021 அக்டோபரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மையத்தைத் திறந்தது. அதற்கு முன், சிக்கலான பிறவி இதயக் குறையுள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் அலைந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 2007இல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ, 2009இல் தமிழ்நாட்டில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2013இல் ஒன்றிய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் ஆகியவை, நிலத்தை விற்றால்தான் பிள்ளைக்கு இதய அறுவை என்ற நிலையைப் பெருமளவு மாற்றின. இது சிறிய சாதனை அன்று. இதைக் குறைத்துப் பேசுபவர்கள், நீலம் பாரித்த உதடுகளோடு தாய்மடியிலேயே இறந்துபோன ஒரு தலைமுறைக் குழந்தைகளை மறந்தவர்கள்.

ஆனால் இந்தச் சாதனையின் கணக்கு எங்கே முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தனை அறுவைகள் நடந்தன. இத்தனை குழந்தைகள் பிழைத்தனர். இத்தனை நாளில் வீடு திரும்பினர். அரசு அறிக்கையானாலும் விழா மேடையானாலும் நாளிதழ்ச் செய்தியானாலும் பெரும்பாலும் இந்த மூன்று எண்களோடு நின்றுவிடுகின்றன. வீடு திரும்பிய குழந்தையால் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது, எத்தனை படி ஏற முடிகிறது என்ற நான்காவது எண்ணை எவரும் கேட்பதில்லை. கேட்காத எண்ணை எவரும் அளப்பதில்லை. அளக்காத குறையோ நாளடைவில் குழந்தையின் இயல்பாகவே கருதப்பட்டுவிடுகிறது.

அந்த நான்காவது எண்ணின் நிலையை அறிய ஆய்வகம் தேவையில்லை. பள்ளி மைதானம் போதும். ஏர்பேடு மண்டலமானாலும் திருத்தணி வட்டமானாலும் காட்சி ஒன்றுதான். உடற்கல்வி வகுப்பில் எல்லாரும் கபடிக் கோட்டுக்குள் இறங்க, ஒரு சிறுவன் மட்டும் மரத்தடியில் மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பான். கேட்டால், "அவனுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு சார்" என்று உடன்படிக்கும் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுவார்கள். அறுவை நடந்தது இரண்டு வயதில்; இப்போது வயது பதின்மூன்று. இதயத்தின் இடைச்சுவரில் இருந்த ஓட்டை முழுமையாக மூடப்பட்டுவிட்டது. ஓடக்கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்தாரா? இல்லை. ஓடலாம் என்று எழுதித் தந்தாரா? அதுவும் இல்லை. அந்த மௌனத்தைத் தாய் அச்சத்தால் நிரப்பினார். ஆசிரியர் முன்னெச்சரிக்கையால் நிரப்பினார். யாருமே தீர்ப்பு எழுதாத ஒரு வழக்கில் பதினோரு ஆண்டு மரத்தடித் தண்டனை இப்படித்தான் விதிக்கப்படுகிறது.

மலையடிவாரத்தில் இதே கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். பிள்ளை பிழைத்தால் நடந்தே மலையேறி வருகிறோம் என்று வேண்டிக்கொள்வது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. வேண்டுதல் பலித்த பின் பெற்றோர் நடக்கிறார்கள்; பிழைத்த பிள்ளையோ அப்பாவின் தோளிலோ தாத்தாவுடன் பேருந்திலோ மேலே போகிறது. இதய நோய் உள்ளவர்கள் நடைபாதையைத் தவிர்க்குமாறு தேவஸ்தானம் விடுக்கும் அறிவுரையும் அவர்கள் காதில் விழுந்திருக்கும். அறிவுரையில் பிழையில்லை, இதயத் தமனியில் அடைப்புள்ள அறுபது வயதினருக்கு அது தேவையானதே. 'இதய நோயாளி' என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. கொழுப்புப் படிந்து குறுகிய தமனியையும், பிறப்பிலேயே இருந்து தைத்து மூடப்பட்ட ஓட்டையையும் அந்த ஒரே சொல் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. முதியவருக்குச் சொன்ன எச்சரிக்கை, வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் கால்களில் விலங்காகிறது.

உடற்பயிற்சித் திறன் என்பது என்ன? உச்ச உழைப்பின்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்துகிறது என்பதே அதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல். அந்த அளவு இரண்டின் பெருக்குத்தொகை: ஒன்று, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம், மற்றொன்று, அந்த இரத்தத்திலிருந்து உடல் பிரித்தெடுக்கும் ஆக்சிஜன். முதலாவதைத் தீர்மானிப்பவை இதயத் துடிப்பின் வேகமும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவும். இரண்டாவதைத் தீர்மானிப்பவை ஹீமோகுளோபினும் தசைகளின் பயிற்சியும். ஆகவே ஒரு குழந்தை சீக்கிரம் களைத்துப்போவதற்கான காரணம் முழுவதும் இதயத்திலேயே இருக்க வேண்டும் என்பது உடலியங்கியலின் அரிச்சுவடிக்கே முரணானது.

இதயத்தின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. மேலறைச் சுவரிலோ கீழறைச் சுவரிலோ இருந்த ஓட்டையை உரிய வயதில் மூடிவிட்டால், அக்குழந்தைகளின் திறன் பெரும்பாலும் மற்ற குழந்தைகளுக்கு நிகராகவோ சற்றே குறைவாகவோ இருக்கிறது. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற குறையைச் சரிசெய்தவர்களின் நிலை வேறு. நுரையீரலுக்குச் செல்லும் பாதையை அகலப்படுத்தும்போது அங்குள்ள வால்வு கசியத் தொடங்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல வலது கீழறை விரியலாம். இவர்களின் சராசரித் திறன் எதிர்பார்க்கப்படும் அளவில் முக்கால் பங்கை ஒட்டி நிற்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே கீழறையோடு வாழ்பவர்களுக்கான ஃபோன்டான் அறுவைக்குப் பின் அது மேலும் குறைந்து, ஏறத்தாழ அறுபது, அறுபத்தைந்து விழுக்காட்டில் நிற்கிறது. அவர்களுக்கு நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ள ஒரு கீழறை இல்லை. மூச்சின் இழுப்பும் கால் தசைகளின் அழுத்தமுமே அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்கின்றன. அப்படிப்பட்ட பிள்ளையின் கால்களை நாற்காலியில் முடக்கிவைப்பது, இருக்கும் துணைப் பம்பையும் அணைப்பதற்குச் சமம்.

இதற்கு மேல் வரும் குறைவில் ஒரு பகுதி மனிதர்கள் உண்டாக்கியது. அசையாத தசை மெலிகிறது. மெலிந்த தசை சீக்கிரம் களைக்கிறது. களைப்பைக் கண்ட குடும்பம், "பார்த்தாயா, இதயம் தாங்கவில்லை" என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. தடை தன் விளைவையே தனக்குச் சான்றாகக் காட்டிக்கொள்ளும் வட்டம் இது. அளவீடு ஒன்றினால் மட்டுமே இதை உடைக்க முடியும்.

உடைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2005இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையினர் வெளியிட்ட ஆய்வில், கடுமையான பிறவி இதயக் குறையுள்ள 16 குழந்தைகள் 12 வாரப் பயிற்சியை முடித்தனர். அவர்களில் 15 பேரின் உடற்பயிற்சித் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சி நின்று பல மாதங்கள் கடந்த பின்னும் பயன் நீடித்ததை அடுத்த ஆண்டு வெளியான தொடராய்வு காட்டியது. நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனையில் பயிற்சியால் ஃபாலோ நோயாளிகளின் உச்ச ஆக்சிஜன் நுகர்வு கூடியது. ஃபோன்டான் நோயாளிகளுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. 2020இல் வந்த காக்ரேன் மீளாய்வு, 15 சோதனைகளைத் தொகுத்து, பயிற்சியால் கிடைக்கும் ஆதாயம் சிறியது, ஆனால் உண்மையானது என்ற முடிவுக்கு வந்தது. இவை அற்புதங்கள் அல்ல; அற்புதம் என்று விற்கவும் கூடாது. மரத்தடியைவிட மைதானம் நல்லது என்று நிறுவ இவ்வளவு போதும்.

அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கை, உடலியக்கம் பற்றிய ஆலோசனை பிறவி இதய நோயாளியுடனான ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் இடம்பெற வேண்டும் என்றது. தடை எவருக்குத் தேவை என்பதும் மருத்துவ உலகுக்குத் தெரியாததன்று. கடுமையான பெருந்தமனி வால்வுக் குறுக்கம், நுரையீரல் இரத்த அழுத்த மிகை, ஆபத்தான துடிப்புக் கோளாறு ஆகியவை உள்ளவர்களுக்குத் தீவிர உழைப்பில் வரம்பு வேண்டும். செயற்கை உலோக வால்வுக்காக இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்பவர்களும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் மோதி விளையாடும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். மார்பெலும்பு கூடும் வரை சில வாரங்கள் எல்லாருக்கும் கட்டுப்பாடு உண்டு. சிலருக்கும் சில காலத்துக்கும் உரிய இந்த வரம்பை எல்லாருக்கும் எக்காலத்துக்கும் ஆக்கியது மருத்துவ அறிவு அன்று. எழுத்தில் எதையும் தராமல் அனுப்பிவைக்கும் சோம்பல். பனிச்சறுக்குப் பலகை வீரர் ஷான் வைட், ஃபாலோ குறையோடு பிறந்து குழந்தைப் பருவத்திலேயே அறுவை செய்துகொண்டவர். 2006, 2010, 2018 ஆகிய மூன்று குளிர்கால ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். அவர் விதிவிலக்கு. ஆனால் 'யாராலும் முடியாது' என்ற பொதுவிதியைப் பொய்யாக்க ஒரு விதிவிலக்கு போதும்.

பெண் குழந்தையின் நிலை இதனினும் மோசம். அறுவைக்கு வழிகாட்டப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் குழந்தைகளில் 70 விழுக்காட்டினருக்கு அறுவை நடந்திருந்தது. பெண் குழந்தைகளில் 44 விழுக்காட்டினருக்கே நடந்திருந்தது. அந்தத் தடையைத் தாண்டி மேசைக்கு வந்து பிழைத்த சிறுமிக்கு வீட்டில் இரண்டாம் தடை காத்திருக்கிறது. பூப்பெய்திய பெண் ஓடக்கூடாது என்ற பழைய விதியும், ஆபரேஷன் ஆன பெண் ஓடக்கூடாது என்ற புதிய விதியும் கைகோத்துக்கொள்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் எவ்வளவு நல்ல இதயமும் மூச்சிரைக்கும். இரும்புச்சத்து மாத்திரையால் தீரக்கூடிய களைப்பை இதயத்தின் மேல் ஏற்றி, அதையே காரணமாகக் காட்டிச் சிறுமியை உட்காரவைப்பது எந்த வகை மருத்துவம்?

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளும் தெரிந்தவையே. முதல் மறுப்பு, முன்னுரிமை பற்றியது. நாட்டில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் குறையோடு பிறப்பதாக மதிப்பீடு. அறுவைக்கே வரிசை நிற்கும்போது ஓட்டத்தை அளக்க நேரம் ஏது என்பர். அறுவைக்காகச் செலவிட்ட பணமும் உழைப்பும் என்ன பயன் தந்தன என்று அறிய மறுப்பது சிக்கனம் ஆகாது. கால்வாய் வெட்டிவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்று பாராத நிர்வாகத்தை யாரும் திறமையானது என்று சொல்வதில்லை.

இரண்டாம் மறுப்பு, செலவு பற்றியது. மூச்சுக்காற்றை அளந்து பகுக்கும் முழுமையான இதய-நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனைக்குக் கருவியும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும் என்பது மெய். எல்லாருக்கும் அது தேவையில்லை. முப்பது மீட்டர் தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் இருந்தால் ஆறு நிமிட நடைச் சோதனை நடத்தலாம். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளும் ஒலி எழுப்ப ஒரு கைப்பேசியும் இருந்தால், மருத்துவர் அனுமதித்த பிள்ளைக்கு ஷட்டில் ஓட்டச் சோதனை நடத்தலாம். ஓரளவு நலமாக உள்ள பிள்ளையின் உச்சத் திறனை நடைச் சோதனை காட்டாது என்பது அதன் குறைபாடு. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே முறையில் அளந்து எழுதிவைத்தால், திறன் கூடுகிறதா குறைகிறதா என்ற போக்காவது தெரியும். இன்று அதுவுமில்லை.

மூன்றாம் மறுப்பு, "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, எக்கோவும் நன்றாக இருக்கிறதே" என்பது. எக்கோ எடுக்கும்போது குழந்தை படுத்திருக்கிறது. படுத்திருக்கும் இதயம் ஓடும் இதயத்தைப் பற்றி முழுச் சாட்சி சொல்லாது. 2005இல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையினர் வெளியிட்ட ஆய்வில், பிறவி இதயக் குறையுள்ள 335 வயதுவந்தோரை அளந்தனர். தமக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று சொன்னவர்களிடமும் திறன் குறைந்திருந்தது. குறைந்த திறன், பின்னர் மருத்துவமனையில் சேர நேர்வதையும் இறப்பையும் முன்னறிவித்தது. பிறந்தது முதல் மெதுவாகவே நடந்த பிள்ளைக்குத் தன் மெதுநடையே இயல்பு; அதனிடம் கேட்டு அறிய முடியாது, அளந்துதான் அறிய வேண்டும். கசியும் வால்வை மாற்ற உரிய காலம் எது என்ற முடிவுக்கும் இந்த அளவீடு உதவும். ஆகவே இது விளையாட்டைப் பற்றிய ஆடம்பரக் கவலை அன்று; இரண்டாம் அறுவையின் நேரத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இங்கே ஆய்வுலகமும் கூண்டில் ஏற வேண்டும். 'எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை விழுக்காடு' என்று கருவி அச்சிட்டுத் தருகிறது. எந்தக் குழந்தையிடம் எதிர்பார்க்கப்படும் அளவு அது? பெரும்பாலான கருவிகளில் உறையும் சமன்பாடுகள் மேலை நாட்டுக் குழந்தைகளிடம் திரட்டியவை. எடையிலும் உயரத்திலும் தசைத் திரட்சியிலும் உணவிலும் வேறான ஸ்ரீகாளஹஸ்திச் சிறுவனை அந்தச் சமன்பாட்டில் நிறுத்தினால், அவன் குறைவில் எவ்வளவு இதயத்துடையது, எவ்வளவு அளவுகோலுடையது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? அறுவை காணாத உள்ளூர்க் குழந்தைகளை முதலில் அளக்காமல், அறுவை கண்ட குழந்தையின் குறையைப் பற்றிப் பேசுவது காற்றில் கோடு இழுப்பதாகும்.

ஏர்பேடு இந்த விவாதத்துக்குள் வருவது இதனால்தான். 2015இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகமும் இன்று இந்த மண்டலத்தில் வளாகம் கொண்டுள்ளன. உணர்கருவி செய்யத் தெரிந்தவர்களும் புள்ளியியல் அறிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஒரு மணி நேரத் தொலைவில், ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த இதய மையம் இருக்கிறது. இடையிலுள்ள ஊர்களில், தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் பிள்ளைகள் நிறைந்த அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. நோயாளி, நோயற்ற ஒப்பீட்டுக் குழு, கருவி, கணக்கு என ஆய்வுக்குத் தேவையான நான்கும் ஒரே சாலையில் கிடைப்பது அரிது. இதை விட்டுவிட்டு, பாஸ்டனின் பதினாறு குழந்தைகளை இன்னும் எத்தனை காலம் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பது?

வேண்டுவன பெரிய செலவுகள் அல்ல. அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும், என்ன செய்யலாம், எது கூடாது, எப்போதுவரை கூடாது என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதிய ஒரு பக்கச் சீட்டு, பள்ளிக்கென ஒரு படியோடு தரப்பட வேண்டும். ஆறு, ஏழு வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை நடைச் சோதனையாவது செய்து, அந்த எண் எக்கோ அறிக்கையின் பக்கத்திலேயே பதியப்பட வேண்டும். சிக்கலான குறையுள்ளவர்களுக்கு முழுச் சோதனையும், தேவைப்படுவோருக்குக் கண்காணிப்புடன் கூடிய பயிற்சியும் காப்பீட்டுத் தொகுப்பிலேயே இடம்பெற வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி தரப்பட வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத படபடப்பு ஆகியவை வந்தால் உடனே நிறுத்தவும், அவை இல்லாதபோது விளையாட விடவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக, திட்ட அறிக்கைகளில் அறுவைகளின் எண்ணிக்கைக்கு அடுத்த வரியில், ஓராண்டுக்குப் பின் அளக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையும் அச்சாக வேண்டும். அந்த வரி வெறுமையாக இருந்தால், வெறுமையாகவே அச்சாகட்டும்.

குழந்தையின் நெஞ்சைத் திறந்தது அதன் இதயத்தைப் பத்திரப்படுத்தி உட்காரவைப்பதற்காக அன்று. மரத்தடியில் செருப்புகளுக்குக் காவலிருக்கும் சிறுவன் தையல் பிரியாமல் உயிரோடு இருப்பதை வெற்றி என்று அறிவித்துக் கோப்பை மூடுவது எளிது. அவன் எழுந்து கோட்டுக்குள் இறங்கி, மூச்சைப் பிடித்துப் பாடிப்போய்த் தொட்டுத் திரும்பும் நாளில்தான் அந்த அறுவை முடிகிறது. அதுவரை கோப்பு திறந்தே இருக்க வேண்டும்.